ஜிக் போடும்போது மீன் கடிப்பது எப்படித் தெரியும்? எப்போது சுண்டுவது?

அரியாங்குப்பத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டு ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள், அதில் பிளாஸ்டிக் இரையைக் கோப்பார்கள்) வாங்கியிருக்கிறார். ஆறு மாதமாகச் சுண்ணாம்பாற்றிலும், கடலூர் வந்தால் உப்பனாற்றிலும் போட்டுப் பார்க்கிறார். கடி தெரிவதே இல்லை. பிளாஸ்டிக் இரையின் வால் மட்டும் அறுந்து வருகிறது. எப்போதாவது 'டொக்' என்று தெரிந்து, முள் ஏறுவதற்காகத் தூண்டில் கழியை (ராடை) வெடுக்கென்று இழுத்துச் சுண்டினால் மறுமுனையில் ஒன்றும் இல்லை. இதைக் கற்றுக்கொள்ள வழி உண்டா, இல்லை ஆறாயிரம் ரூபாய் ராடு வாங்கினால்தான் தெரியுமா என்பது கேள்வி.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நீங்கள் வீடியோவில் பார்ப்பது லார்ஜ்மவுத் பாஸ், வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம் பக்கம் ஓட்டல்களில் 'சீ பாஸ்' என்று பட்டியலில் போடுவது கொடுவா. இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனால் இரை எடுக்கும் விதம் ஒன்றுதான். கட்டை, கல், பாலத்தூண் என்று ஏதாவது ஒரு மறைவில் நின்றுகொண்டு, பக்கத்தில் வருவதை வாய் திறந்து உறிஞ்சிவிடும். அதனால் பாஸுக்கு அவர்கள் சொல்லும் பாடத்தில் பெரும்பகுதி கொடுவாவுக்குப் பொருந்தும். பொருந்தாத பகுதியும் உண்டு. சுண்டுவதைப் பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

அந்த 'உறிஞ்சும்' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. மண்புழு கோத்துத் தக்கை கட்டி உட்கார்ந்து பழகிய நமக்கு, மீன் கடித்தால் இழுக்கும் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. தக்கை முங்கும், அப்புறம் எடுப்போம். ஜிக்கில் அப்படி இல்லை. மீன் வாயைத் திறக்கும்போதே செவுள் மூடிகளையும் விரிக்கிறது. வாய்க்குள் திடீரென்று இடம் உண்டாகிறது, தண்ணீர் பாய்ந்து உள்ளே போகிறது, தண்ணீரோடு ஜிக்கும் போகிறது. தண்ணீர் செவுள் வழியாக வெளியேறுகிறது, ஜிக் வாயில் நிற்கிறது. இதெல்லாம் நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். மீன் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்கக்கூட வேண்டாம். வாயில் ஈயக்கட்டி உறுத்தினால் உள்ளே போன மாதிரியே வெளியே துப்பிவிடும். இதில் இழுப்பு என்பது எங்கே இருக்கிறது? ஜிக் சட்டென்று நின்ற அந்த ஒரு தட்டு மட்டும் தூண்டில் நரம்பில் ஏறி வரும். அதுவும் நரம்பு ஓரளவு நேராக இருந்தால்தான் வரும்.

ஆகவே இழுப்புக்காகக் காத்திருக்கிறவருக்கு, துப்பத் தெரியாத மீன் மட்டும்தான் மாட்டும். நீங்கள் ஆறு மாதமாகச் செய்துகொண்டிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமா. அவர் கையில் ராடும் கிடையாது, ரீலும் கிடையாது. ஒரு மரக்கட்டையில் சுற்றிய தங்கூசி நரம்பு, ஒரு ஈயம், ஒரு முள். கைத்தூண்டில்காரர். கடலூர் முதுநகரில் உப்பனாற்றுக் கரையில் உட்கார்ந்து நரம்பை ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் போட்டுக்கொள்வார். விரல் நுனியில் இல்லை, மடிப்பில். நுனித்தோல் காய்த்துப் போயிருக்கும், மடிப்பில் தோல் மெலிசு என்பார். கீழே ஈயம் சேற்றில் இருக்கிறதா, ஆளி (கல்லில் ஒட்டும் சிப்பி) ஓட்டின் மேல் இருக்கிறதா என்று பார்க்காமலே சொல்வார். சின்னப் பையனாக இருந்த எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. கீழே ஒன்றும் நடக்காதபோது நரம்பு எப்படி இருக்கும் என்பதை அவர் விரல் மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அதிலிருந்து கொஞ்சம் மாறினால் போதும், அவருக்கு அது மீன்.

நீங்களும் இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கடி எப்படி இருக்கும் என்று தேடாதீர்கள். கடி நூறு விதமாக இருக்கும். கடி இல்லாதபோது எப்படி இருக்கும் என்பது ஒரே விதம். அதைப் படியுங்கள்.

எப்படிப் படிப்பது? தண்ணீர் வற்றிய நேரத்தில் ஆற்றோரம் போங்கள். நம் கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், குஜராத் பக்கம் மாதிரி பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் ஓரச் சேறும் ஆளி ஒட்டிய கல்லும் வெளியே தெரியும். அங்கே தரையிலேயே ஜிக்கைப் போட்டு, இருபது அடி தள்ளி நின்று மெதுவாக இழுங்கள். கண்ணால் பாருங்கள், கையால் கேளுங்கள். ஆளி மேல் போனால் 'டிக் டிக் டிக்' என்று வரிசையாக வரும், ஒவ்வொன்றும் கூர்மையாக. மணலில் ஒரே சீராகச் சொரசொரக்கும். சேற்றில் கனத்து, ஒட்டி, 'ப்ளக்' என்று விடும். வேரில் ஏறும்போது கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ராடு நுனி வளைந்து, வேரைத் தாண்டியதும் பட்டென்று தளரும். இந்த நாலையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும்வரை செய்யுங்கள். ஒரு காலை நேரம் போதும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஈர மணல், காய்ந்த மணல், சிப்பி ஓடு ஒதுங்கிய வரிசை என்று மாற்றி மாற்றி இழுத்துப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிச்சாவரம் பக்கம் மட்டும் ராடைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்விடாதீர்கள். அது காப்புக்காடு, அனுமதி கேட்க வேண்டும்.

அடுத்து எண்ணுவது. ஜிக் தண்ணீரில் விழுந்ததில் இருந்து தரை தொடும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். ஒரே இடத்தில் நாலு முறை போட்டால் 'இங்கே ஆறு' என்று தெரிந்துவிடும். ஐந்தாவது முறை மூன்றிலேயே நரம்பு தளர்ந்து நின்றால்? அங்கே திடீரென்று திட்டு முளைக்கவில்லை. நடுவில் ஒருவன் வாங்கிக்கொண்டான். சுண்டுங்கள். பத்து எண்ணியும் தரை தொடவில்லை, நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது என்றால் அதுவும் அவன்தான். ஜிக்கில் வரும் கடிகளில் பெரும்பாலானவை இறங்கும்போதுதான் வரும், இழுக்கும்போது அல்ல. அடிபட்ட இறாலோ மீனோ கீழே சரிவது மாதிரி மீனுக்குத் தெரிகிறது. ஆனால் புதியவர்கள் அந்த நேரத்தில்தான் செல்போனைப் பார்க்கிறார்கள், ரீலின் பெயில் கம்பியை மூடுகிறார்கள், தொப்பியைச் சரி செய்கிறார்கள்.

இங்கேதான் நரம்பை எவ்வளவு தளர்த்துவது என்ற பெரிய சங்கடம் வருகிறது. இறுக்கிப் பிடித்தால் ஜிக் நேராகக் கீழே போகாமல் உங்கள் பக்கம் ஊஞ்சல் மாதிரி வளைந்து வரும். மறைவை விட்டு விலகிவிடும். மீன் உறிஞ்சினாலும் நரம்பு பிடித்திருப்பதால் வாய்க்குள் சுலபமாகப் போகாது. சரி என்று முழுக்க விட்டுவிட்டால் ஜிக் அழகாக இறங்கும், ஆனால் தட்டு உங்கள் கைக்கு வராது. தளர்ந்த நரம்பில் அதிர்வு ஏறாது. நடுவில் ஒரு நிலை இருக்கிறது: ராடு நுனியை உயர்த்தி வைத்து, ஜிக் இறங்க இறங்க நுனியும் அதன் பின்னாலேயே இறங்க வேண்டும். நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவில் நரம்பில் லேசான தொய்வு மட்டும். பட்டம் விட்டவர்களுக்குக் கை தானாகவே புரிந்துகொள்ளும்.

அந்தத் தொய்வைப் பார்ப்பது கண்ணின் வேலை. கையை விடக் கண்ணால் நான் பிடித்த மீன்கள் அதிகம். அதனால் வெளிர் மஞ்சளோ கிளிப்பச்சையோ, பளிச்சென்று தெரிகிற பிரெய்டு (பின்னிய நரம்பு) போடுங்கள். மீன் பயப்படுமே என்று கவலைப்பட வேண்டாம், முனையில், பிரெய்டுக்கும் ஜிக்குக்கும் நடுவில், ஒரு மீட்டர் நிறமில்லாத துண்டு நரம்பு (லீடர்) இருக்கிறது. போலராய்டு கண்ணாடி இருந்தால் தண்ணீர்மேல் பளபளப்பு குறைந்து நரம்பு இறங்கும் இடம் தெரியும். அந்த இடத்தையே பாருங்கள். நரம்பு ஒரு தடவை துடிக்கலாம். பக்கவாட்டில் நகரலாம். இறங்கிக்கொண்டிருந்தது திடீரென்று நிற்கலாம்.

ஒருமுறை உப்பனாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி நானும் மாமாவும் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் நான் ராடு வாங்கிய புதிது. நரம்பு நிதானமாக இடது பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஓட்டம் என்று நினைத்து நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாமா பார்த்துவிட்டு, "டேய், தண்ணி வலது பக்கம் ஓடுது, உன் நரம்பு இடது பக்கம் போவுது, அதுக்குக் கால் முளைச்சிருக்கா?" என்றார். டம்ளரைப் போட்டுவிட்டு அவசரமாக ராடைத் தூக்கினேன். தொய்ந்த நரம்பு நேரானதோடு என் சுண்டு முடிந்துவிட்டது. மீனுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. நீங்கள் சொல்லும் 'சுண்டினால் ஒன்றும் இல்லை' என்பது பெரும்பாலும் இதுதான். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் வால் அறுந்து வருவதைப் பற்றி. அது நல்ல மீன் தவறிப்போனதற்கு அடையாளம் இல்லை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கத்தரியால் வெட்டியது போல, அரைவட்டமாக வால் போயிருந்தால் அது பேத்தை. பறவை அலகு மாதிரி பல். கையில் ஒன்றுமே தெரியாது, எடுத்துப் பார்த்தால் பாதி இல்லை. 'டட்டட்டட்' என்று தையல் மெஷின் போல விடாமல் தட்டினால் கீச்சான் குட்டிகள். அதற்குச் சுண்டவே சுண்டாதீர்கள், ஜிக்கை அங்கிருந்து நகர்த்திவிடுங்கள். பிளாஸ்டிக் முள்ளில் இருந்து கீழே சரிந்து சுருங்கி வந்தால், பின்னாலிருந்து சின்ன மீன் பிடித்து இழுத்திருக்கிறது. ஈரச் சாக்கை இழுப்பது போல மெதுவாகக் கனத்து வந்து பாதியில் விட்டால் நண்டு. கெளுத்தி என்றால் கனத்தோடு ஒரு குலுக்கலும் சேர்ந்து வரும். அதைக் கழற்றும்போது முள் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குத்தினால் அன்றைக்கு மீன்பிடி அவ்வளவுதான்.

செப்பிலியும் களவாவும் கடித்ததைக் கண்டுபிடிக்க எந்தக் கலையும் வேண்டாம். அடித்துப் பிடுங்கிக்கொண்டு கல்லுக்குள் ஓடும். அங்கே சிக்கல் வேறு. முதல் ஒரு மீட்டரில் நீங்கள் ஜெயிக்காவிட்டால் மீன் வளைக்குள் போய்விடும். பாறை மீனும் அப்படியே, அடித்ததும் ஓட்டம். காலா சில சமயம் வாங்கிக்கொண்டு உங்கள் பக்கமே நீந்தி வரும். கையில் இருந்த கனம் திடீரென்று காணாமல் போகும். நரம்பு அறுந்துவிட்டது என்று நினைத்து நிதானமாகச் சுற்றுவீர்கள். கனம் இல்லாமல் போவதும் ஒரு கடிதான்.

கொடுவாதான் உங்கள் கேள்வியின் நாயகன். பெரும்பாலும் ஒரே ஒரு 'டொக்'. விரலால் மேஜையை உள்பக்கமிருந்து தட்டியது போல. அப்புறம் அமைதி. அந்த அமைதியில்தான் மீன் ஜிக்கை வாயில் வைத்திருக்கிறது. நீங்கள் 'இன்னொரு தட்டு வரட்டும், பார்க்கலாம்' என்று இருக்கிறீர்கள். இரண்டாவது தட்டும் வரும், அது துப்பியது. சில நாட்களில் அந்தத் தட்டுகூட இருக்காது. ஜிக்கைத் தூக்கும்போது ரப்பர் பேண்டு கட்டியது போல ஒரு கொழகொழத்த கனம், அவ்வளவுதான். சேறு மாதிரியே இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், சேறு விடும், இது விடாது, கொஞ்சம் நகரவும் செய்யும். மீனை இழந்த பிறகு லீடரை விரலால் உருவிப் பாருங்கள். முனையில் நாலைந்து அங்குலம் உப்புத்தாள் தேய்த்தது போலச் சொரசொரப்பாக இருந்தால் கொடுவா வாய்க்குள் இருந்திருக்கிறது. அதன் பற்கள் பொடிப்பொடியாக அரம் மாதிரி இருக்கும். அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள். சோம்பல்பட்டு நான் இழந்த மீன்களைச் சொன்னால் வெட்கம்.

இப்போது சுண்டுவது.

வீடியோவில் அமெரிக்கர்கள் உடம்பையே பின்னால் சாய்த்து, படகு ஆட, ராடை வானத்துக்குத் தூக்குவார்கள். அதைப் பார்த்து நீங்களும் அப்படியே செய்கிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். அடர்ந்த பாசிக்குள் 50, 60 பவுண்டு பிரெய்டில், உலக்கை போன்ற ராடில், பருமனான முள்ளோடு போடுகிறார்கள். முள்ளுக்கு முன்னால் பாசி மாட்டாமல் இருக்க ஒரு நார்க்கற்றை இருக்கும், அதையும் மடக்கிக்கொண்டு முள் ஏற வேண்டும். டிராகை (மீன் இழுத்தால் ரீல் எவ்வளவு இறுக்கத்தில் நரம்பை விட வேண்டும் என்று வைக்கும் திருகு) பூட்டியே வைத்திருப்பார்கள். உங்களிடம் இருப்பது அநேகமாக ஸ்பின்னிங் ரீல், 20 பவுண்டு நரம்பு, மெல்லிய கம்பி முள் உள்ள ஜிக் தலை. அவர்கள் அடி இதற்குத் தேவையில்லை. ஒன்று வாய் கிழியும், இல்லை முடிச்சு போகும், இல்லை தொய்வை எடுப்பதிலேயே வேகம் தீர்ந்துபோகும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கொக்கி வைத்த எடைத் தராசை ஜன்னல் கம்பியில் மாட்டி, அதில் நரம்பைக் கட்டி, பதினைந்து மீட்டர் தள்ளி நின்று உங்கள் பலத்தையெல்லாம் கூட்டிச் சுண்டுங்கள். ஒருவரைத் தராசின் முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் செய்தபோது இரண்டு கிலோவைத் தாண்டவே பாடாக இருந்தது. நைலான் நரம்பில் அதற்கும் குறைவு, அது ரப்பர் மாதிரி நீள்கிறது. ராடு என்பது நெம்புகோல்தான், ஆனால் நமக்கு எதிராக வேலை செய்கிற நெம்புகோல், நீளமான பக்கம் மீனிடம் இருக்கிறது. அதே இடத்தில் நின்று, ராடு நுனியைத் தராசுப் பக்கம் இறக்கி, ரீலைச் சுற்றித் தொய்வை முழுக்க எடுத்து, நரம்பு நேரானதும் ஒரே வீச்சில் இழுத்துப் பாருங்கள். முன்னைவிட முள் மேலே போகும், உங்கள் தோளும் வலிக்காது.

அதுதான் முறை. தட்டு தெரிந்ததா? ராடைத் தூக்காதீர்கள். இறக்குங்கள். இறக்கிக்கொண்டே இரண்டு சுற்று. நரம்பு நேரானது கையில் தெரிந்ததும், முழங்கையை விலாவோடு ஒட்டி, மேலேயோ பக்கவாட்டிலோ உறுதியாக ஒரு வீச்சு. பக்கத்தில் நேர்கீழே என்றால் மேலே, தூரத்தில் என்றால் பக்கவாட்டில். வீச்சு முடிந்ததும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருங்கள், மீன் உங்களை நோக்கி வந்திருக்கலாம். சொல்லும்போது நீளமாக இருக்கிறது, பழகினால் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நொடியில் துப்பிவிடாதா? சில துப்பும். தொய்வோடு சுண்டினால் எல்லாமே போகும்.

இதற்கு ராடு நிற்கும் இடமும் முக்கியம். ஜிக்கை நகர்த்தும்போது நுனி கடிகாரத்தில் பத்து மணிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பதினொன்று வரை தூக்கலாம். பன்னிரண்டுக்குக் கொண்டு போய்விட்டால், அந்த நேரம் பார்த்துக் கடி வரும், உங்களுக்குச் சுண்ட இடம் இருக்காது. ஜிக்கை நகர்த்துவது ராடு, தொய்வை எடுப்பது ரீல். இந்த இரண்டு வேலையையும் குழப்பாதீர்கள்.

பாஸுக்குப் பொருந்தி கொடுவாவுக்குப் பொருந்தாதது ஒன்று இருக்கிறது என்றேனே, அது முள். லார்ஜ்மவுத் பாஸில் உலக சாதனை என்பது 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ். பத்து கிலோ. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் அதற்குச் சமமாக ஒன்று பிடிபட்டது, அவ்வளவுதான். கொடுவாவில் பத்து கிலோ என்பது பெரிய மீன்தான், ஆனால் சாதனை இல்லை. அது இன்னும் பல மடங்கு வளரும் ஜாதி. வாய் ஓரம் எலும்பு, செவுள் மூடி கத்தி. அதனால் பாஸுக்கென்று விற்கும் மெல்லிய முள் கொடுவாவிடம் நிமிர்ந்துவிடும், கழிமுகத்து உப்புத் தண்ணீரில் இரண்டு வாரத்தில் துருவும் பிடிக்கும். கனமான முள் உள்ள ஜிக் தலையாக வாங்குங்கள். கனமான முள் ஏறுவதற்கு அது கூர்மையாக இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தின் மேல் முள் முனையை லேசாக வைத்து நகர்த்துங்கள், வழுக்கினால் மொட்டை, பிடித்து நின்றால் கூர். ஆளியில் உரசிய ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் 'சுண்டினேன், ஏறவில்லை' என்பவர்களில் பாதிப் பேருக்குக் குற்றம் கையில் இல்லை, முள்ளில் இருந்தது.

முள் ஏறியதும் கொடுவா வெளியே தாவித் தலையை உதறும். அப்போது ராடை இறக்கி நரம்புக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள், விழுந்ததும் மறுபடி இறுக்குங்கள். டிராகை நரம்பின் பலத்தில் கால் பங்குக்குச் சற்று மேலே வைத்தால் போதும். 20 பவுண்டு என்றால் ஐந்தாறு பவுண்டு. பெரிய மீன் வந்தால் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். கொடுவா ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பின் பெண்ணாக மாறும் மீன். பெரியவை எல்லாம் அநேகமாகச் சினை சுமப்பவை.

பயிற்சிக்கு இன்னும் ஒரு வழி, இதற்கு மீனே வேண்டாம். தெருவில் ஒரு பையனைக் கூப்பிட்டு நரம்பின் முனையை அவன் கையில் கொடுங்கள். முள் வேண்டாம், ஈயம் மட்டும். இருபது மீட்டர் தள்ளி நின்று கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவன் தோன்றியபோது நரம்பை ஒருமுறை கிள்ளட்டும், சில சமயம் மெதுவாகப் பிடித்துப் பக்கவாட்டில் நடக்கட்டும், சில சமயம் உங்கள் பக்கம் இரண்டடி வரட்டும். நீங்கள் இறக்கி, சுற்றி, வீசுங்கள். பையன்களுக்கு இது நல்ல விளையாட்டு, ஏமாற்றுவதில் கொடுவாவைவிடக் கெட்டிக்காரர்கள். என் அக்கா மகன் பத்து ரூபாய்க்கு அரை மணி நேரம் மீனாக இருந்தான்.

அப்புறம் தண்ணீருக்குப் போகும்போது, முதல் நாலைந்து முறை 14 கிராம் ஜிக் போடுங்கள். தரை தெளிவாகத் தெரியும். பழகிய பிறகு 10, சுண்ணாம்பாற்றின் ஆழமில்லாத இடங்களில் 7. தரையைத் தொடுகிற எடைகளில் மிகக் குறைந்ததுதான் நல்ல எடை, ஆனால் அது கற்றவர்களுக்கு. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிட்டால் நரம்பு வில்லாக வளைந்து ஒன்றும் தெரியாது. அப்போது நுனியைத் தண்ணீரை ஒட்டி வையுங்கள், இல்லை வீட்டுக்குப் போங்கள். கற்றுக்கொள்ள விடிகாலைதான் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், படகு நிழலில் கொடுவா நிற்கும். ஆனால் அங்கே போடும் முன் படகுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் வலை பின்னும் இடத்தில் நம் முள் கிடந்தால் யார் காலில் ஏறும் என்று யோசித்தால் போதும்.

சந்தேகம் வந்தால் சுண்டலாமா என்று கேட்பீர்கள். பாஸ் பிடிக்கிறவர்கள் 'சுண்டுவது இலவசம்' என்ற பொருளில் சொல்வார்கள். அவர்கள் ஏரியில் அது சரி. உப்பனாற்று ஆளியில் ஒவ்வொரு தப்புச் சுண்டும் ஒரு ஜிக். ஆனாலும் முதல் ஒரு மாதம் சந்தேகம் வந்த எல்லாவற்றுக்கும் சுண்டுங்கள் என்றே சொல்வேன். பத்து ஜிக் போகும். அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், அந்தப் பணத்துக்குத்தான் உங்கள் விரல் கற்றுக்கொள்கிறது.

ராடு விஷயம். ஆறாயிரம் கொடுத்து வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பது நுனி மட்டும் வளைந்து நடுப்பகுதி விறைப்பாக நிற்கிற, ஆறரை அல்லது ஏழடி ராடாக இருந்தால் அதுவே போதும். நடுப்பகுதியும் கொழகொழவென்று வளைந்தால் மட்டும் மாற்றுங்கள், அதற்கும் ஆறாயிரம் ஆகாது. ரீலில் நைலான் நரம்பு சுற்றியிருக்கிறீர்களா என்று சொல்லவில்லை. சுற்றியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு நல்ல பிரெய்டு போடுங்கள். மிச்சப் பணத்துக்கு முள் வாங்குங்கள். ராடைப் பிடிக்கும்போது ரீலுக்கு முன்னால் நரம்பை ஆள்காட்டி விரலில் தொட்டு வைத்துக்கொள்ளுங்கள், மடிப்பில்.

வருகிற ஞாயிறு வற்றம் காலையில் விழுந்தால், உப்பனாற்றுக்கு வாருங்கள் தம்பி. ஒரு பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள், ஆளி காலைக் கிழித்துவிடும்.